இணையக்கடைக்குக் கைமுதல் எவ்வளவு? ஒரு பெட்டியிலிருந்து கணக்குப் போடுங்கள்

என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, “வெப்சைற் செய்ய எவ்வளவு முடியும்?” என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: “ஒரு பெட்டி கட்டிப் பார்த்தீர்களா?” வெப்சைற்றுக்குப் போடுகிற காசு ஒருமுறை போடுவது. தவறினாலும் எவ்வளவு போயிற்று என்று தெரியும். பெட்டியில் விடுகிற பிழை ஒவ்வொரு விற்பனையோடும் சத்தமில்லாமல் காசைக் கொண்டு போகும். அதனால் இந்த அத்தியாயத்தில் கணக்கைப் பெட்டியிலிருந்து தொடங்கிக் கடைக்குப் போவோம்.

உதாரணத்துக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டிலிருந்தே நடத்தக்கூடிய ஒரு கடையை எடுத்துக்கொள்கிறேன். விற்பவை கறித்தூள், புழுக்கொடியல், பனங்கட்டி. மூன்றும் நாள்பட இருக்கும். மூன்றையும் கேட்டு வாங்குவதற்குக் கொழும்பில் ஆட்கள் இருக்கிறார்கள். உடுப்போ பனையோலைப் பொருளோ விற்கப் போகிறவர்களுக்கும் படிகள் இவைதான். இங்கே வரும் ரூபாய்த் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. ஒரு கொப்பியில் அதே வரிகளை எழுதி, நீங்கள் விசாரித்த விலையை எதிரே நிரப்புங்கள்.

முதல் நாள் வேலை: ஒரு பெட்டி கட்டுங்கள்

1. திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி, எது கிட்டவோ அந்தச் சந்தைக்குப் போய் விற்க நினைக்கும் பொருளைச் சாதாரண விலைக்கு வாங்குங்கள். தெரிந்தவர் சும்மா தந்தது, வீட்டில் கிடந்தது என்று எடுக்க வேண்டாம். அந்த விலை நிலைக்காது.

2. பொதிசெய்யும் சாமான்களையும் காசு கொடுத்து வாங்குங்கள். மட்டைப் பெட்டி, உள்ளே போடும் பை, லேபல், ரேப் ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

3. கட்டி முடித்த பெட்டியைத் தராசில் வையுங்கள். நிறையை எழுதுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.

4. அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று கூரியர் கிளைகளுக்குப் போய், கொழும்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தபால் திணைக்களத்தின் கட்டணத்தையும் விசாரியுங்கள். தொலைபேசியில் கேட்டால் வருவது ஒரு பேச்சு விலை. பெட்டியைக் காட்டிக் கேட்டால்தான் உண்மை விலை வரும்.

5. ஒரு பெட்டியைக் கொழும்பில் இருக்கும் உறவினருக்கு அனுப்புங்கள். எத்தனை நாளில் போனது, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூலை நசுங்கியதா, பை வெடித்ததா, பனங்கட்டி கசிந்ததா? அந்த ஒரு படம் நூறு ஆலோசனைக்குச் சமன்.

நிறையில் போகிற காசு

நாங்கள் வீட்டில் முதன்முதலாகப் பெட்டி கட்டியபோது கால் கிலோ கறித்தூள், கால் கிலோ புழுக்கொடியல், ஒரு குட்டான் பனங்கட்டி என்றுதான் தீர்மானித்திருந்தோம். மூடப்போகும் நேரம் அம்மா இன்னொரு சின்னக் குட்டானைக் கொண்டுவந்து வைத்தார். “வெளியூருக்குப் போற பெட்டி பிள்ளை, கொஞ்சம் நிறைவா இருக்கட்டும்.” ரேப் ஒட்டித் தராசில் வைத்தோம். இலக்கம் ஏறிப்போய் 1,040 கிராமில் நின்றது.

கூரியர் கட்டணம் பெரும்பாலும் முதல் கிலோவுக்கு ஒரு தொகை, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு தொகை என்றுதான் இருக்கும். 1,040 கிராம் என்றால் இரண்டாம் கிலோவுக்கும் முழுக்கட்டணம். அந்த 40 கிராம் பெட்டியின் இலாபத்தில் எவ்வளவைத் தின்கிறது என்பதைக் கீழே கணக்கில் காட்டுகிறேன். மட்டைப் பெட்டி, பை, ரேப் எல்லாம் சேர்ந்து 150 முதல் 200 கிராம் வரை இழுக்கும். ஆகவே ஒரு கிலோப் பெட்டி என்றால் பொருள் 750 கிராமுக்குள் அடங்க வேண்டும். பெட்டிக்கு என்ன போடுவது என்று யோசித்து நிறையைப் பார்ப்பதை விட, நிறையை வைத்துக்கொண்டு என்ன போடலாம் என்று யோசிப்பதே சரியான ஒழுங்கு.

பாரம் குறைந்து இடம் பிடிக்கிற பொருளுக்கு வேறொரு கணக்கு உண்டு. பனையோலைப் பெட்டி, கடகம், தொப்பி விற்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5,000ஆல் பிரித்து வருகிற எண்ணைக் கிலோவாக எடுத்துக் கட்டணம் கேட்கும் வழக்கம் கூரியர் தொழிலில் இருக்கிறது. 30 × 25 × 20 சென்ரிமீற்றர்ப் பெட்டி ஒன்றைப் பெருக்கினால் 15,000. 5,000ஆல் பிரித்தால் 3. உள்ளே அரைக் கிலோ ஓலைப்பெட்டி இருந்தாலும் கட்டணம் மூன்று கிலோவுக்கு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் பின்னச் சொல்லி, தொகுதியாக விற்பது இதற்கு நல்ல வழி.

ஒரு பெட்டியின் கணக்கு

வீட்டுவாசலில் கொடுக்கும் விலை 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

கறித்தூள் 250 கிராம்: 450
புழுக்கொடியல் 250 கிராம்: 300
பனங்கட்டி ஒரு குட்டான்: 300
பெட்டி, பை, லேபல், ரேப்: 190
கூரியர், ஒரு கிலோவுக்குள்: 450
காசு பெறும் தரகு, 3.5 வீதம்: 84
திரும்பி வரும் பெட்டிகளுக்கு ஒதுக்கம்: 44
உங்கள் உழைப்பு: 150
மொத்தம்: 1,968
மிச்சம்: 432

இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியைப் பெறுகிறவர் கையில் காசு வாங்கும் முறையில் சில பெட்டிகள் எப்படியும் திரும்பி வரும். ஆள் வீட்டில் இல்லை, அழைப்புக்குப் பதில் இல்லை, மனம் மாறிவிட்டது. நூறில் எட்டுத் திரும்பும் என்று வைத்தேன். திரும்பியதொன்றுக்குக் கூரியர் 450, மீண்டும் பொதிசெய்ய 100, ஆக 550. எட்டுக்கு 4,400. அதை நூறு பெட்டிக்கும் பகிர்ந்தால் தலைக்கு 44. திரும்பும் பயணத்துக்கும் கட்டணம் உண்டா என்று கூரியர்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உண்டென்றால் இந்த வரி ஏறக்குறைய இரட்டிக்கும்.

மற்றது உழைப்பு. குறிப்பாகப் பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்குச் சுழியம் போடுகிறார்கள். “நான்தானே செய்யிறன், அதுக்கென்ன காசு?” என்று கேட்பார்கள். ஓடர் கூடி உதவிக்கு ஒரு பிள்ளையை வைக்க வேண்டிய நாளில் அந்தக் காசு விலைக்குள் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் கோபிப்பார். முதல் நாளே உழைப்புக்கு விலை போட்டுவிடுங்கள்.

மாதம் எத்தனை பெட்டி விற்க வேண்டும்?

விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் போகும் செலவைக் கூட்டுங்கள். விளம்பரம் 10,000, கூரியர் கிளைக்குப் போய்வர 3,000, இன்ரநெற் 2,500, வெப்சைற்றின் மாதப் பங்கு 2,000, மின்சாரமும் சில்லறையும் 1,500. மொத்தம் 19,000. இதை 432ஆல் பிரித்தால் 44 பெட்டி. மாதம் 44 பெட்டி போனால் கைநட்டம் இல்லை. அதற்கு மேல் போவதுதான் இலாபம்.

இப்போது அம்மா வைத்த அந்தச் சின்னக் குட்டானுக்கு வருவோம். அதன் விலையை விட்டுவிடுங்கள். இரண்டாம் கிலோவுக்குக் கூரியர் 100 ரூபாய் கூடக் கேட்கிறது என்றால் மிச்சம் 332. 19,000ஐ 332ஆல் பிரித்தால் 58 பெட்டி. அதே இடத்தில் நிற்பதற்கு மாதம் 14 பெட்டி கூடுதலாக விற்க வேண்டும். இந்த ஒரு கணக்கை நான் கேட்டுவந்த எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

பதிவு, அனுமதி, லேபல்

ஒழுங்கு முக்கியம். பெயரை லேபலில் அச்சடித்துவிட்டுப் பதிவுக்குப் போய், அந்தப் பெயர் கிடைக்காமல் லேபலை எறிந்தவர்களைத் தெரியும்.

1. உங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் முதலிய ஆவணங்கள் என்னென்ன வேண்டும் என்று ஒரேயடியாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கேயே சிறுதொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அவரையும் சந்தியுங்கள். பயிற்சி, கண்காட்சி, கடன் விபரங்கள் அவரிடம்தான் முதலில் வரும்.

2. உணவுப் பொருள் என்றால் பிரதேச சபையின் அனுமதி தேவையா என்று கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாகவே அழைத்துச் சமையலறையைக் காட்டுங்கள். அவர் பிறகு வந்து குறை சொல்லித் திருத்துவதை விட, முதலே கேட்டுத் திருத்துவது மலிவு. வலைக்கம்பி அடித்தல், மேசைக்குத் தகரம் போடுதல் போன்றவற்றுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

3. பதிவுச் சான்றிதழோடு வங்கிக்குப் போய் வியாபாரப் பெயரில் கணக்குத் திறவுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கிலேயே கடைக் காசையும் விட்டால் மூன்றாம் மாதம் இலாபமா நட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது.

4. வரி அடையாள இலக்கம் எடுத்துவையுங்கள். வற் பதிவுக்கான எல்லை கோடிக்கணக்கான விற்பனையில் இருக்கிறது. சிறு கடைக்கு அது இப்போதைக்குக் கவலை இல்லை. வருமான வரிக்குத் தனியாள் விலக்கு 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். வேறு வருமானம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

5. இதற்குப் பிறகே லேபல். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழுள்ள விதிகளுக்கு அமைய, பொருளின் பெயர், தேறிய நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் முதலியன வேண்டும். பெயர் மூன்று மொழியிலும் இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டுங்கள். முதல்முறை 200க்கு மேல் அச்சிட வேண்டாம். ஆயிரம் அடித்தால் ஒன்றின் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். ஒரு எழுத்துப் பிழை வந்தால் ஆயிரமும் குப்பை.

6. வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் தராசு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை பெற்றிருக்க வேண்டும். வாங்கும்போதே முத்திரை இடக்கூடிய தராசுதானா என்று கேளுங்கள். சமையலறைத் தராசை மலிவென்று வாங்கி, பிறகு இன்னொன்று வாங்குவது இரட்டைச் செலவு.

எச்சரிக்கை: பொலித்தீன் பையின் வாயை மெழுகுதிரிச் சுடரில் பிடித்து ஒட்டுகிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மேலே பார்த்தால் ஒட்டியது போல இருக்கும். கூரியர் வண்டிக் குலுக்கத்தில் வாய் திறந்துவிடும். காற்றுப் புகுந்த தூளில் பூஞ்சணம் பிடிக்கும். தீ விபத்து வேறு. சூட்டில் ஒட்டும் சிறு சீலர் மெஷின் ஒன்றை முதல் பட்டியலிலேயே போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சரக்கில் காசு முடக்கும் முன்

பனைப் பொருளுக்குக் காலம் உண்டு. பனங்கட்டி பதநீர்க் காலத்தில் மலிவு. பனாட்டு, பனம்பழம் விழும் ஆடி, ஆவணியை ஒட்டியது. கிழங்கு கிண்டி அவித்துக் காயவிடும் தை, மாசியில் புழுக்கொடியல் நிறைய வரும். காலம் தப்பினால் விலை ஏறும். ஆண்டு முழுதும் ஒரே விலையில் விற்க நினைத்தால், மலிவுக் காலத்து விலையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. உச்ச விலையை விசாரித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையை எழுதுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று ஆறு மாதச் சரக்கை அள்ளிவிடுவதும் பிழை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் காற்று ஈரத்தால் கனத்திருக்கும். பனங்கட்டி கசியத் தொடங்கும். குட்டான் ஓலையின் அடிப்பக்கம் கறுத்து ஈரமாகி, தொட்டால் விரல் ஒட்டும். புழுக்கொடியல் தன் நொறுக்கை விட்டு ஒருவித இழுவைக்கு வந்துவிடும். காற்றுப் புகாத வாளிகளின் விலையைச் சரக்கின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பூஞ்சணம் கண்ட பொருளைத் துடைத்தோ வெயிலில் வைத்தோ விற்க வேண்டாம். அப்படியே எறிந்துவிட்டுக் கொப்பியில் நட்டமாக எழுதுங்கள்.

பனங்கட்டியில் சீனி கலக்கிறார்கள் என்ற பேச்சு வாடிக்கையாளரிடம் பலமாக இருக்கிறது. வாங்கும் இடத்தை நிலைப்படுத்துங்கள். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களை விசாரிக்கலாம். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையத்தில் விலையையும் தரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருளைப் பற்றிய தொழில்நுட்பச் சந்தேகத்துக்குக் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது.

கறுத்தக்கொழும்பானில் தொடங்கலாமா என்று ஒவ்வொரு மாம்பழக் காலத்திலும் கேட்கிறார்கள். ஆசைப்படக்கூடிய பொருள்தான். என் பதில், முதல் ஆண்டில் வேண்டாம். கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு நாள் பிந்தினால் பழம் பழுத்து வடியும். திரும்பி வந்த கறித்தூளை இன்னொருவருக்கு அனுப்பலாம். திரும்பி வந்த மாம்பழத்தை ஒன்றும் செய்ய முடியாது. நல்லெண்ணெயும் அப்படித்தான். ஒரு போத்தல் உடைந்தால் அந்தப் பெட்டி மட்டுமல்ல, பக்கத்தில் இருந்த வேறொருவரின் பார்சலும் நாசமாகும்.

கடையை எங்கே திறப்பது?

முதல் மூன்று மாதம் பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப் வியாபாரக் கணக்கும் போதும். வட்ஸ்அப்பில் பொருள் பட்டியல் வைக்கலாம், அதற்குக் காசில்லை. அடுத்த படி டராஸ் போன்ற பொதுச் சந்தைத் தளம். விற்றால் தரகு கொடுக்க வேண்டும், அந்தத் தரகை ஒரு பெட்டிக் கணக்கில் புதிய வரியாக எழுதிப் பாருங்கள். மாதம் 44 பெட்டி என்ற எல்லையைத் தொட்ட பிறகு சொந்த வெப்சைற்.

அப்போதும் வேர்ட்பிரஸ், வூகொமேர்ஸ் போன்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். செலவு முகவரிப் பெயருக்கும், தளத்தை வைக்கும் இடத்துக்கும், அமைத்துத் தருபவரின் கூலிக்கும்தான். .lk என்ற முகவரி மட்டுமல்ல, தமிழ் எழுத்திலேயே ‘.இலங்கை’ என்று முடியும் முகவரியும் பதிவு செய்யலாம்.

இதில் ஒரு பாடம் நான் காசு கொடுத்துக் கற்றது. எங்கள் முதல் வெப்சைற்றைச் செய்து தந்தவர் முகவரிப் பெயரைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் நேரத்தில் அவர் தொலைபேசி வேலை செய்யவில்லை. லேபலில், பெட்டியில், எல்லா இடத்திலும் அச்சடித்த முகவரி எங்கள் கையில் இல்லை. மச்சாள் அழுதே விட்டாள். ஆகவே:

1. முகவரிப் பெயர் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். காசு கட்டிய பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்க வேண்டும்.
2. எல்லாக் கடவுச்சொற்களும் உங்கள் கையில். வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.
3. முதல் ஆண்டுச் செலவையும் இரண்டாம் ஆண்டுப் புதுப்பித்தல் செலவையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் ஆண்டு மலிவு, இரண்டாம் ஆண்டு மும்மடங்கு என்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.
4. கூலியில் பாதியைத் தளம் ஓடிய பிறகு கொடுங்கள்.

டொலரில் கட்டும் செலவைத் தனி நிறப் பேனாவால் எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சுற்றில் இருந்த டொலர் இரண்டரை மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. மாதம் 30 டொலர் வாங்கும் ஒரு தளத்துக்கு 6,000 கட்டியவர் 10,800 கட்டினார். விற்பனையோ அதே ரூபாயில், அதே கூட்டத்துக்கு. டொலர்ச் செலவு எதுவானாலும் இன்றைய விலைக்கு மேல் 20 வீதம் கூட்டி எழுதுங்கள். பேஸ்புக் விளம்பரமும் அதில் அடங்கும்.

காசு கைக்கு வரும் வழி

புதுக்கடைக்கு வாடிக்கையாளர் பெட்டியைக் கண்டபின் காசு தரவே விரும்புவார். அந்தக் காசைக் கூரியர் வாங்கி, தன் கட்டணத்தைக் கழித்து, சில நாள் கழித்து உங்கள் கணக்கில் போடும். அந்த இடைவெளிதான் பல கடைகளின் கழுத்தை இறுக்கியது. நாளுக்கு இரண்டு பெட்டி, காசு வர 12 நாள் என்றால் எந்த நேரமும் 24 பெட்டியின் காசு வெளியில் நிற்கும். அதுவரை அடுத்த 24 பெட்டிக்கான பொருளும் பொதியும் உங்கள் கைக்காசில். பெட்டிக்கு 1,240 வீதம் 29,760 ரூபாய். விற்பனை கூடக் கூட இந்தத் தொகையும் கூடும். ஓடர் குவிகிறது, கையில் காசில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் நட்டத்தில் இல்லை. இந்த வரியை எழுதாமல் விட்டவர்கள்.

வங்கியில் முன்கூட்டியே போடுகிறவர்களுக்கு 100 ரூபாய் கழிவு கொடுங்கள். திரும்பி வரும் பெட்டியும் குறையும், காசும் முந்தி வரும். அட்டைக் கொடுப்பனவுக்குப் பேஹியர் போன்ற உள்நாட்டுக் கொடுப்பனவுத் தளங்கள் இருக்கின்றன. வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள்.

எச்சரிக்கை: காசு போட்டதாக அனுப்பும் தொலைபேசித் திரைப்பிடிப்பை நம்பிப் பெட்டியை அனுப்ப வேண்டாம். இலக்கத்தை மாற்றிய படங்கள் தாராளமாக உலவுகின்றன. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் தவறுதலாகக் கூடப் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்றால் அன்று மாலைவரை பொறுங்கள். வங்கிக் குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தை வங்கிக்காரர் என்று சொல்கிறவருக்கும் சொல்ல வேண்டாம்.

இனி மொத்தக் கைமுதல்

ஒருமுறைச் செலவு
பதிவு, அனுமதி, அலைச்சல்: 10,000
தராசு, சீலர்: 15,000
லேபல் வடிவமைப்பும் முதல் அச்சும்: 10,000
வெப்சைற்: 35,000
படம் எடுக்க வெளிச்சம், துணி: 5,000
பரீட்சார்த்தப் பெட்டிகள்: 8,000
கூட்டு: 83,000

முதல் 60 பெட்டிக்குப் பொருளும் பொதியும்: 74,400
வெளியில் நிற்கும் காசுக்கு ஈடு: 30,000
மூன்று மாத நிலையான செலவு: 57,000
இதுவரை: 244,400
எதிர்பாராததற்கு 10 வீதம்: 24,440
மொத்தம்: 268,840

இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். இதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். வெப்சைற்றை நாலாம் மாதத்துக்குத் தள்ளினால் 35,000மும் அதன் மூன்று மாதப் பங்கு 6,000மும் குறையும். 60 பெட்டிக்குப் பதில் 20 பெட்டிக்கு மட்டும் சரக்கு எடுத்தால் 49,600 குறையும். மொத்தம் 170,000க்குள் வந்துவிடும். தொடக்கத்தில் வெட்டக்கூடியவை இந்த இரண்டுந்தான். சீலர், லேபல், வெளியில் நிற்கும் காசுக்கான ஈடு, எதிர்பாராத 10 வீதம் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டியபோது வீதிகளும் ரயில்பாதைகளும் துண்டுபட்டன. அப்படி ஒரு கிழமை வந்தால் கட்டி வைத்த பெட்டிகள் வீட்டிலேயே நிற்கும், செலவு நிற்காது.

கடன் எடுப்பதானால்

வாராவாரம் கட்டும் நுண்கடனை இணையக்கடைக்கு எடுக்க வேண்டாம். உங்கள் காசு 12 நாளில் வருகிறது. வசூலிப்பவர் ஏழாம் நாள் வாசலில் நிற்பார். முதல் தவணையிலேயே சரக்குக் காசை எடுத்துக் கட்ட வேண்டி வரும். வடக்கில் இது எத்தனை பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு 2018இல் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. நகையை ஈடு வைப்பதானால் தராசு, சீலர் போன்ற நிலைத்து நிற்கும் பொருளுக்கு வையுங்கள், விளம்பரத்துக்கு வைக்க வேண்டாம். தெரிந்தவர்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டு என்றால், கடை தொடங்கும் மாதத்தைச் சீட்டு எடுக்கும் மாதத்துக்கு ஏற்பத் தள்ளிப்போடுங்கள்.

வெளிநாட்டு ஓடர்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் உறவுகள் இருக்கும்போது அங்கே அனுப்பத்தான் மனம் ஓடும். முதல் ஆறு மாதம் பொறுங்கள். கூரியர் கட்டணம் பெட்டியின் விலையை விடப் பலமடங்கு வரும். விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 800 டொலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29ஆம் திகதியோடு முடிந்தது. பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத் தனியார் பார்சலில் அனுப்ப முடியாது. நெய்யில் செய்த பலகாரமும் மாட்டிக்கொள்ளும்.

இதைவிட நல்ல வழி ஒன்று ஏற்கெனவே தடம் போட்டுக் கிடக்கிறது. 2000களின் தொடக்கத்தில் கப்ருகா என்ற இணையக்கடை வளர்ந்தது இப்படித்தான். காசு கட்டுகிறவர் வெளிநாட்டில், பெட்டி போய்ச் சேருவது இலங்கைக்குள். லண்டனில் இருக்கும் மகன் வெள்ளவத்தையில் இருக்கும் தாய்க்குப் பொங்கல் பெட்டி அனுப்பச் சொல்கிறார். கூரியர் அதே 450, காசு முன்கூட்டியே, திரும்பி வரும் பெட்டி அருமை. பேஸ்புக்கில் விளம்பரம் போடும்போது இடத்தை லண்டன் என்று தெரிவுசெய்து, “ஊரில் உள்ள உங்கள் வீட்டுக்கு” என்று எழுதுங்கள். விளம்பரக் காசு அங்கே கூடுதலாக இழுக்கும், அதனால் நாளுக்கு இவ்வளவுதான் என்ற எல்லையை முதலே போட்டுவிடுங்கள்.

முதல் பத்துப் பெட்டி போகும் நாட்களில் கொப்பியின் வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். இடப்பக்கத்தில் நீங்கள் நினைத்த தொகை, வலப்பக்கத்தில் உண்மையில் போன தொகை. கூரியர் பற்றுச்சீட்டை அந்தந்தப் பெட்டியின் வரிக்கு நேரே ஒட்டுங்கள். பத்தாவது பெட்டி போன அன்று இரவு, 432 என்று நான் எழுதிய இடத்தில் உங்கள் சொந்த எண்ணை எழுதி, 19,000த்துக்குப் பதில் உங்கள் மாதச் செலவைப் போட்டு மறுபடி பிரியுங்கள். வரும் எண் உங்களால் கட்டி அனுப்பக்கூடிய பெட்டிகளின் எண்ணிக்கையை விடப் பெரிதென்றால், பதினோராவது பெட்டிக்கு முன்னரே விலையையோ பெட்டிக்குள் போடுவதையோ மாற்றுங்கள்.